இரைப்பையில் கட்டியாம், பயொப்சி நோர்மலாம்: இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து எப்படி வாசிப்பது?

வயிற்றுக்குக் கமெரா விட்டுப் பார்த்தவர்களில் சிலருக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு ரிப்போர்ட்டுகள் கிடைக்கின்றன. எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘இரைப்பையின் மேற்பகுதியில் 2 சென்ரிமீற்றர் அளவில் வழவழப்பான புடைப்பு’ என்று இருக்கும். சில கிழமை கழித்து வரும் பயொப்சி ரிப்போர்ட்டில் ‘நாட்பட்ட இரைப்பை அழற்சி, புற்றுக்கலங்கள் இல்லை’ என்று இருக்கும். வீட்டில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். கட்டி என்றாலே கான்சர்தான், இங்கே வைத்து மினக்கெடாமல் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பக்கம். பயொப்சியே நோர்மல், இனி எதற்குக் கிளினிக்குக்கு அலைய வேண்டும் என்று மற்றப் பக்கம்.

இரண்டு பக்கமும் தவறு. முதலாவது கட்சி வீண் பயத்தையும் வீண் செலவையும் இழுத்துவிடும். இரண்டாவது கட்சி, கவனிக்க வேண்டிய ஒன்றைக் கவனிக்காமல் விட வைத்துவிடும், அது இன்னும் மோசம். கட்டி எந்தப் படையிலிருந்து வளர்கிறது என்பது தெரிந்தால்தான் இந்த ரிப்போர்ட்டுகளுக்கு அர்த்தம் வரும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் இரைப்பைச் சுவர்

இரைப்பைச் சுவருக்கு உள்ளிருந்து வெளியே நான்கு படைகள் உண்டு.

1. சீதமென்சவ்வு. சாப்பாடும் அமிலமும் படுகிற உட்பக்கம். எண்டோஸ்கோபி கமெராவுக்குத் தெரிவது இது மட்டும்தான்.
2. சீதமென்சவ்வின் கீழ்ப்படை. கொழுப்பு, இரத்தக்குழாய், நரம்பு எல்லாம் ஓடுகிற தளர்வான இழையம்.
3. தசைப்படை. சாப்பாட்டைப் பிசைந்து கீழே தள்ளுகிற தடித்த தசை.
4. வெளியுறை. வயிற்றறைக்குள் மற்ற உறுப்புகளோடு உரசும் மெல்லிய தோல்.

நாம் வழமையாக இரைப்பைப் புற்றுநோய் என்று சொல்வது முதலாவது படையில் தொடங்குவது. அது மேற்பரப்பையே அரித்து, புண்ணாக்கி, கரடுமுரடாக்கும். அதனால் அந்த இடத்தில் நாலைந்து துண்டு எடுத்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பொலிப் எனப்படும் சிறு முளைகளும் இதே முதலாவது படையின் சங்கதிதான். ஒமிப்பிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் குளிசைகளை வருடக்கணக்காகப் பாவிப்பவர்களுக்கு வரும் சிறு முளைகள் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. அடினோமா என்ற வகை மட்டும் பின்னாளில் புற்றாக மாறக்கூடியது, அதை எடுத்துவிடுவார்கள். பொலிப் பற்றி இதற்கு மேல் இங்கே பேசவில்லை. அரிதான கட்டிகள் என்று நாம் பார்க்கப் போவது இரண்டாவது, மூன்றாவது படைகளிலிருந்து வளர்பவற்றை.

பயொப்சி ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

எண்டோஸ்கோபிக் குழாய்க்குள்ளால் விடுகிற கொறடு மிகச் சிறியது. அதன் இரண்டு வாய்களும் சேர்ந்து கிள்ளி எடுப்பது 2, 3 மில்லிமீற்றர் துண்டு. அந்தத் துண்டில் வருவது அநேகமாகச் சீதமென்சவ்வு மட்டும்தான். கட்டியோ அதற்குக் கீழே இருக்கிறது. பாயின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து, பாய்க்குக் கீழே கிடப்பது தேங்காயா கல்லா என்று சொல்ல முடியுமா? அதே நிலைமைதான்.

ஆக, வழவழப்பான புடைப்புக்கு மேலிருந்து எடுத்த பயொப்சி ‘நோர்மல்’ என்று வந்தால், அதற்கு அர்த்தம் கட்டி இல்லை என்பதோ, கட்டி நல்ல கட்டி என்பதோ கிடையாது. கொறடு கட்டியைத் தொடவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். ஆனாலும் அந்தப் பயொப்சி வீண் வேலை இல்லை: மேற்பரப்பில் புற்று இல்லை என்று தெரிகிறது, ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்றும் தெரிகிறது. கிருமி இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள், அதைக் குடித்து முடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மருந்தால் இந்தக் கட்டி சுருங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு விஷயம்.

துண்டு எடுக்காமலே அனுபவமுள்ள வைத்தியர் நிறையத் தெரிந்துகொள்வார், இது பலருக்குத் தெரியாது. மூடிய கொறட்டின் நுனியால் புடைப்பை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். மஞ்சள் சாயலில் தெரிந்து, அழுத்திய இடம் குழிந்து, விட்டதும் மெதுவாகப் பழையபடி எழும்பினால் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். கல்லுப் போல இருந்து, சீதமென்சவ்வுக்குக் கீழே வழுக்கி அசைந்தால் தசைக் கட்டி மாதிரியான ஒன்று. நடுவில் தொப்புள் போல ஒரு சின்னக் குழி இருந்தால், சதையியின் ஒரு சிறு பகுதி பிறக்கும்போதே இடம் மாறி இரைப்பைச் சுவரில் வந்து தங்கியிருக்கலாம். அது கட்டியே கிடையாது. புடைப்பின் உச்சியில் புண் இருந்தால் கவனம் கூடும்.

இன்னொன்று. புடைப்பு என்று தெரிவது எல்லாம் இரைப்பையில் இருப்பதும் இல்லை. மண்ணீரல், பித்தப்பை, ஈரலின் இடது பகுதி என்று பக்கத்து உறுப்புகள் வெளியிலிருந்து முட்டினாலும் கமெராவுக்குக் கட்டி போலத்தான் தெரியும். ஈரல் சுருங்கியவர்களுக்கு இரைப்பையின் மேற்பகுதியில் நாளங்கள் வீங்கி, பார்வைக்குக் கட்டியைப் போலவே நிற்கும். அதில் தெரியாமல் கொறட்டைப் போட்டால் இரத்தம் பீறிடும். ஈரல் வருத்தமோ நீண்ட காலக் குடிப்பழக்கமோ இருந்தால் கூச்சப்படாமல் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இவை என்னென்ன கட்டிகள்?

1. லியோமயோமா. தசைப்படையில் வரும் தசைக் கட்டி. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் அதிகம் காணப்படும். மிக மெதுவாக வளரும், பரவாது.

2. லிப்போமா, அதாவது கொழுப்புக் கட்டி. பெரும்பாலும் இரண்டாவது படையில், இரைப்பையின் கீழ்ப்பகுதியில். சி.ரி. ஸ்கானில் கொழுப்பின் அடர்த்தி தெளிவாகத் தெரிந்துவிடும்: தண்ணீரைப் பூச்சியமாக வைத்த அளவுகோலில் கொழுப்பு சுமார் -70 முதல் -120 வரை காட்டும். இப்படித் தெரிந்துவிட்டால் ஊசி குத்திப் பார்க்கவே தேவையில்லை.

3. ஷ்வானோமா. நரம்பைச் சுற்றி உறையாக இருக்கும் கலங்களிலிருந்து வருவது. நடுவயதுப் பெண்களில் கூடுதல். இது ஆட்களைக் குழப்புகிற கட்டி. பக்கத்து நிணநீர்க் கணுக்கள் வீங்கி நிற்கலாம், புற்று பரவியிருக்கிறதா என்று தேடும் பெட் ஸ்கான் எடுத்தால் புற்றைப் போலவே பிரகாசிக்கலாம். அதைப் பார்த்து ‘பரவிவிட்டது’ என்று முடிவுக்கு வந்தால் பெரிய பிழை நடக்கும். இது பரவுவது மிக மிக அரிது.

4. குளோமஸ் கட்டி. இரத்தக்குழாய்களோடு ஒட்டிய கலங்களிலிருந்து, அநேகமாக இரைப்பையின் கீழ்ப்பகுதியில். இரத்தம் நிறைந்தது என்பதால் தானாகவும் கசியும், ஆழமாகத் துண்டு எடுத்தாலும் கசியும். பெரும்பாலும் நல்ல கட்டி. மிகச் சிலவே கெட்டதாக நடந்துகொள்ளும்.

5. அழற்சி நார்ப் பொலிப். பெயர் பொலிப் என்றாலும் இது வளர்வது இரண்டாவது படையிலிருந்து. 1949இல் வனேக் என்பவர் விவரித்ததால் அவர் பெயராலும் சொல்வார்கள். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலுக்குக் கிட்ட வளர்ந்து, உருண்டு போய் வாசலை அடைத்துத் திறந்து விளையாடும், சாப்பிட்ட பிறகு விட்டு விட்டு வாந்தி வரும்.

இவற்றை விட அரிதானவையும் உண்டு. உதாரணமாக பிளெக்ஸிஃபோம் ஃபைப்ரோமிக்ஸோமா என்ற நீளப் பெயர்க் கட்டி 2007இல்தான் தனி வகையாக விவரிக்கப்பட்டது. ரிப்போர்ட்டில் இந்த மாதிரிப் பெயர் வந்தால் பதற வேண்டாம், பெயரின் நீளத்துக்கும் ஆபத்துக்கும் தொடர்பில்லை.

இத்தனை பரிசோதனையும் எதற்காக? ஜிஸ்ட் என்ற ஒன்றுக்காக

மேலே சொன்னவற்றோடு அச்சொட்டாக ஒரே மாதிரித் தெரிகிற இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் ஜிஸ்ட். இரைப்பை, குடல்களின் அசைவுக்குத் தாளம் போடுகிற காஹால் கலங்களோடு தொடர்புடைய கட்டி. இரைப்பையில் சீதமென்சவ்வுக்குக் கீழே வருபவற்றில் லியோமயோமாவை விட இதுதான் அதிகம். சிறிதாக இருக்கும்போது சும்மா கிடக்கும். பெரிதானால் சிலவேளை ஈரலுக்கும் வயிற்றறைக்கும் பரவும். கலங்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதையும் அளவையும் இடத்தையும் வைத்துத்தான் அதன் ஆபத்தைக் கணிக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இதைப் பிரித்தறியவே வழி இருக்கவில்லை. நுண்ணோக்கியில் நீண்ட கதிர் வடிவக் கலங்கள் தெரிந்தால் லியோமயோமா என்று எழுதிவிடுவார்கள். 1998இல் ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கதையே மாறியது: எடுத்த இழையத்தில் ஜிஸ்டைக் காட்டிக்கொடுக்கும் சாயம் வந்தது, சில வருடங்களில் அதற்கு இமாட்டினிப் என்ற குளிசையும் வந்தது. அதனால் 1980களிலோ 90களிலோ இரைப்பைக் கட்டி வெட்டி ‘லியோமயோமா, பயமில்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், இப்போது வயிற்றில் ஏதும் வருத்தம் வந்து வைத்தியரிடம் போகும்போது அந்தப் பழைய கதையையும் சொல்லுங்கள். அன்றைய லியோமயோமா இன்றைய கணக்கில் ஜிஸ்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஜிஸ்ட் என்றதும் நெஞ்சில் கைவைக்கவும் தேவையில்லை. ஜெர்மனியில் 50 வயது தாண்டியவர்களின் பிரேதப் பரிசோதனைகளை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கும் மேல் இரைப்பையில் 1 சென்ரிமீற்றருக்கும் குறைந்த ஜிஸ்ட் இருந்தது. அவர்கள் அது தெரியாமலே வாழ்ந்து வேறு காரணங்களால் இறந்தவர்கள். குண்டூசித் தலை அளவுக் கட்டிக்கும் 6 சென்ரிமீற்றர் கட்டிக்கும் ஒரே பெயர் இருக்கலாம், ஒரே விதி இல்லை.

சரி, அடுத்து என்ன பரிசோதனை?

எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். இதுதான் இந்த விஷயத்தின் மையம். எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலேயே ஸ்கான் கருவி பொருத்தியிருக்கும், அதனால் உள்ளே இருந்தபடியே சுவரைப் படை படையாகப் பார்க்கலாம். வெளியிலிருந்து வயிற்றில் ஜெல் பூசி எடுக்கிற ஸ்கான் இதற்கு ஈடாகாது. அந்தப் படத்தில் சுவர் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து கோடுகளாகத் தெரியும்: முதல் இரண்டும் சீதமென்சவ்வு, மூன்றாவது அதன் கீழ்ப்படை, நான்காவது தசை, ஐந்தாவது வெளியுறை. ரிப்போர்ட்டில் படை எண்ணுவது இந்தக் கோடுகளின் கணக்கில்தான், மேலே நாம் சொன்ன நான்கின் கணக்கில் இல்லை. ‘நான்காம் படையில் கறுப்பான கட்டி’ என்று இருந்தால் தசைப்படையில் என்று அர்த்தம். லியோமயோமா, ஷ்வானோமா, ஜிஸ்ட் மூன்றும் அந்தப் பட்டியலில் வரும். ‘மூன்றாம் படையில் வெள்ளையாக’ என்றால் லிப்போமா.

நான்காம் படைக் கட்டிகளை வெறும் படத்தை மட்டும் வைத்துத் திட்டமாகப் பிரிக்க முடியாது. அங்கேதான் ஊசி வருகிறது. அதே கருவியின் உள்ளால் ஊசியை விட்டு, கட்டிக்குள்ளிருந்தே இழையம் எடுப்பார்கள். கட்டி 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஊசியில் போதிய இழையம் கிடைக்கும் வாய்ப்பு நல்லது. மிகச் சிறிய கட்டியில் ஊசி நிலைக்காது. அப்படியானால் எண்டோஸ்கோபி வழியாகவே புடைப்பின் மேலுள்ள சீதமென்சவ்வைச் சிறிதாகக் கீறித் திறந்து துண்டு எடுக்கும் முறையும் இருக்கிறது.

எடுத்த இழையத்துக்குப் போடும் விசேட சாயங்கள்தான் கடைசித் தீர்ப்பு. நோயியல் நிபுணர் ஒரே கட்டியின் மெல்லிய சீவல்களை வெவ்வேறு கண்ணாடித் தகடுகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாயம் போடுவார். எந்தத் தகடு பழுப்பு நிறமாகிறது என்று பார்ப்பார்:

1. சி.டி.117, டொக்-1 என்ற சாயங்கள் போட்ட தகடுகள் பழுப்பானால் ஜிஸ்ட்.
2. டெஸ்மின், தசை அக்டின் பழுப்பாகி, சி.டி.117 வெறுமையாக நின்றால் லியோமயோமா.
3. எஸ்-100 பழுப்பாகி மற்றவை வெறுமையாக நின்றால் ஷ்வானோமா.

இந்த வரிகள் இல்லாமல் வெறுமனே ‘கதிர்க்கலக் கட்டி’ என்று முடிகிற ரிப்போர்ட் முழுமையானது இல்லை. சாயம் போடப்பட்டதா, போடவில்லையென்றால் போட முடியுமா என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் கிடையாது.

சி.ரி. ஸ்கான் கட்டி வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஈரலில் ஏதும் உண்டா என்று பார்க்க உதவும். ‘கான்சர் மார்க்கர்’ என்று சொல்லித் தனியார் ஆய்வுகூடங்களில் காசு கொடுத்துச் செய்கிற சி.இ.ஏ. போன்ற இரத்தப் பரிசோதனைகள் இந்தக் கட்டிகளில் ஒன்றுக்கும் உதவாது. அந்தக் காசைப் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவதா, விட்டுப் பார்ப்பதா?

லிப்போமா, லியோமயோமா, ஷ்வானோமா, குளோமஸ், இடம் மாறிய சதையி இழையம் என்று திட்டமாகத் தெரிந்து, வருத்தமும் ஒன்றும் இல்லையென்றால், தொடர்ந்து கமெரா விட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை என்பதுதான் ஐரோப்பிய எண்டோஸ்கோபிச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டல். இன்னதென்று தெரியாத சிறிய கட்டிகளுக்கு அதே வழிகாட்டல் வேறு கணக்குச் சொல்கிறது: 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை பார்ப்பது, பிறகு 1 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை 2, 3 வருடத்துக்கு ஒருமுறை, 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை உள்ளவற்றை வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை. 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் இழையம் எடுத்துப் பெயரைக் கண்டுபிடிக்க முயல வேண்டும். வளர்ந்துகொண்டே போனால், இரத்தம் கசிந்தால், வழியை அடைத்தால், ஜிஸ்ட் என்று வந்து அளவும் பெரிதானால் எடுக்கத்தான் வேண்டும்.

எடுப்பது என்றால் இரைப்பை முழுவதையும் எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கட்டிகள் சாதாரண இரைப்பைப் புற்றைப் போலப் பக்கத்துக் கணுக்களைத் தேடிப் போவதில்லை என்பதால், கட்டியையும் சுற்றிக் கொஞ்சச் சுவரையும் மட்டும் ஆப்பு வடிவில் எடுத்துத் தைத்தால் போதும். பெரும்பாலும் சிறு துளைகள் வழியாக லப்ரஸ்கோப்பியிலேயே செய்யலாம். சீதமென்சவ்வின் கீழ்ப்படையோடு நிற்கும் சிறு கட்டிகளை எண்டோஸ்கோபி வழியாகவே, வெளியே ஒரு கீறலும் இல்லாமல் எடுக்கிற முறைகளும் உண்டு. கை பழகியவர் இருக்கும் இடத்தில்தான் அது நல்லது.

பெயர் தெரியாமல் அவசரப்பட்டு வெட்டுவது ஏன் ஆபத்து என்பது உணவுக்குழாய் சேரும் இடத்துக் கட்டிகளில் நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் ஆப்பு வடிவில் வெட்டினால் வழி ஒடுங்கிவிடும், அதனால் ஜிஸ்ட் என்ற சந்தேகத்தில் இரைப்பையின் மேற்பகுதியையே எடுக்க நேரலாம். அப்படி எடுத்தவர் வாழ்நாள் முழுக்க எதுக்களிப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அது வெறும் லியோமயோமா என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், சுவரை வைத்துவிட்டுக் கட்டியை மட்டும் தோண்டி எடுத்திருக்கலாம், அல்லது தொடாமலே விட்டிருக்கலாம். மறுபக்கம், ஜிஸ்டைத் தோண்டப் போய் அதன் உறை கிழிந்தால் கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தி, பின்னாளில் அங்கங்கே முளைக்கும். ஒன்றுக்குச் சரியான முறை மற்றதற்குப் பாதகம். இரண்டு மூன்று கிழமை பொறுத்து இழையம் எடுத்துப் பார்ப்பது தாமதம் இல்லை, சிகிச்சையின் பாதி வேலை அது.

திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் எல்லா மாவட்டத்திலும் இருக்கிற கருவி கிடையாது, நாட்டின் சில பெரிய மையங்களில்தான் செய்கிறார்கள். அதனால் திருகோணமலை பொது வைத்தியசாலையிலோ, கின்னியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளிலோ காட்டியவர்களைப் பெரும்பாலும் வெளியூருக்கு எழுதி அனுப்புவார்கள். கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கும் மேல். இரவு பஸ்ஸில் போய் இறங்கிய பிறகு ‘இது இல்லாமல் பார்க்க முடியாது, அடுத்த கிழமை வாங்கோ’ என்று திருப்பி அனுப்பினால் அதைப் போல வெறுப்பு வேறில்லை. வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்தவர்களுக்கு அது இன்னும் ஒரு நாள் கூலி நட்டம். கையில் இவை இருக்கட்டும்:

1. எண்டோஸ்கோபி ரிப்போர்ட், முடிந்தால் நிறப் படங்களோடு. கட்டி இருக்கும் இடமும் அளவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

2. சி.ரி. ஸ்கான் எடுத்திருந்தால் அதன் சீடி. வெறும் எழுத்து ரிப்போர்ட் போதாது, அங்குள்ளவர் படத்தைத் தானே பார்க்க வேண்டும்.

3. மெழுகுக் கட்டை. பலரும் விட்டுவிட்டுப் போவது இதைத்தான். உங்கள் உடம்பிலிருந்து எடுத்த இழையத்தைத் தீப்பெட்டியை விடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையும் கண்ணாடித் தகடுகளும் கிடைத்தால், போகிற இடத்தில் திரும்ப வெட்டாமலே புதிய சாயம் போட்டுப் பார்க்கலாம். வைத்தியரின் கடிதத்தோடு கேளுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகும்.

4. கிளினிக் கொப்பி, பழைய சத்திரசிகிச்சைத் துண்டுகள், பாவிக்கிற எல்லாக் குளிசைகளின் அட்டைகள்.

வைத்தியரிடம் கேட்க நான்கே கேள்வி போதும்: எந்தப் படையில்? எத்தனை சென்ரிமீற்றர்? கட்டியிலிருந்தே இழையம் எடுபட்டதா? என்ன சாயம் போட்டார்கள்?

விட்டுப் பார்க்கச் சொன்னவர்கள் கவனிக்க வேண்டியது

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் கட்டியைக் கரைக்காது, உறைப்பும் மீனும் அதை வளர்க்காது. காஸ்ரைற்றிஸ் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு வேறு விஷயம். நாட்டு மருந்து குடிப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இரத்தக் கசிவைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். கட்டியின் உச்சியில் புண் வந்தால் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வலியே இருக்காது. களைப்பு, படி ஏறும்போது மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் என்று வரும். மூதூரில் 55 வயது அம்மா ஒருவருக்கு இரத்தம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன ஒருவருக்கு இரத்தம் எங்கே போகிறது என்று தேடாமல் வெறும் இரும்புச்சத்துக் குளிசையோடு நிறுத்துவது சரியில்லை. இரைப்பையும் பெருங்குடலும் பார்க்கப்பட வேண்டும்.

அந்தக் குளிசையே இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவரும். இரும்புச்சத்துக் குளிசை குடித்தால் மலம் கறுப்பாகத்தான் போகும், அது பரவாயில்லை. இரத்தம் கலந்த மலம் தார் போலப் பிசுபிசுத்து, பளபளத்து, வழமையில்லாத ஒரு கெட்ட நாற்றம் அடிக்கும். அப்படிப் போனால், அல்லது கோப்பித்தூள் கரைத்தது போல வாந்தி வந்தால், தலை சுற்றிக் கண் இருட்டினால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். இரவென்றாலும் கிட்ட உள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சு வருத்தத்துக்கு அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் எதையாவது பாவிக்கிறவரென்றால் போனதும் அதை முதலில் சொல்லுங்கள். அந்தக் குளிசைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்துவதா தொடர்வதா என்று நெஞ்சு வருத்தத்தைப் பார்க்கிற வைத்தியரும் வயிற்றைப் பார்க்கிற வைத்தியரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.